கண்ணாடி உடைந்தால் கூட்டையும் மாற்ற வேணுமா?

கேள்வி: அப்பாவின் மொரிஸ் மைனர் 1000 எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. போன மாதம் பரந்தனில் கட்டாக்காலி மாடொன்று முட்டியதில் சாரதிப் பக்கத்துச் சைட் கண்ணாடி நொறுங்கிவிட்டது. குரோமியக் கூட்டுக்கும் தண்டுக்கும் சேதமில்லை. பாட்ஸ் கடையில் "தனிக் கண்ணாடி வராது, சோடியாய்த்தான் எடுக்க வேணும்" என்கிறார்கள். பேஸ்புக்கில் ஒருவர் கொழும்பிலிருந்து அனுப்புவதாகச் சொல்லி முழுக்காசையும் முதலில் கேட்கிறார். வீட்டுக் கண்ணாடி வெட்டும் கடையில் வெட்டிப் போடலாமா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: போடலாம். கூடு நல்லாயிருக்க சோடி வாங்குவது வீண் செலவு. அந்தக் கூட்டை யாருக்கும் கழற்றிக் கொடுத்துவிடாதீர்கள்.

கடையில் "மைனருக்குச் சைட் கண்ணாடி" என்று கேட்டால் குழப்பம்தான் மிஞ்சும். மைனர்கள் பெரும்பாலும் வெளிக் கண்ணாடி இல்லாமலேயே தொழிற்சாலையை விட்டு வந்தவை. வாங்கியவர்கள் பிறகு தங்களுக்குக் கிடைத்ததைப் பூட்டினார்கள். ஆகவே காரின் ஆண்டும் மொடலும் இங்கே உதவாது, அளவுதான் உதவும். கூட்டின் உள்விளிம்பை மட்டையில் வரைந்து வெட்டி, அது கூட்டுக்குள் இறுக்கமில்லாமல் உட்காருகிறதா என்று பாருங்கள். அந்த மட்டையோடு கடைக்குப் போங்கள்.

அதற்கு முன் ஒன்றை நிச்சயப்படுத்த வேண்டும்: உடைந்தது தட்டைக் கண்ணாடியா, குவிந்ததா? பெரிய துண்டொன்றின் முகத்தில் அடிமட்டத்தை நிமிர்த்தி வையுங்கள். ஓரங்களில் வெளிச்சம் தெரிந்து அடிமட்டம் ஆடினால் குவிந்தது. இதில் அலட்சியம் வேண்டாம். குவிந்த கண்ணாடியில் பின்னால் வரும் வாகனம் சின்னதாய், தூரத்தில் வருவதுபோலத் தெரியும். தட்டைக் கண்ணாடிக்குப் பழகிய கண் ஏ9 வீதியில் வேகமாக வரும் பஸ்ஸை அதில் பார்த்தால், இன்னும் நேரமிருக்கிறது என்று நம்பிவிடும்.

தட்டை என்றால் உங்கள் ஊர்க் கண்ணாடிக் கடையே போதும். 2 மில்லிமீற்றர் கேளுங்கள், இல்லாவிட்டால் 3. அலுமாரிக்குப் போடும் தடித்த கண்ணாடி விளிம்புக்குள் அடங்காது, இரவில் பின் வாகனத்தின் லைற் இரட்டையாகவும் தெரியும். வெட்டிய ஓரத்தை ஈரமான எமரிக் கடதாசியால் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். பிளாஸ்டிக் கண்ணாடி வேண்டாம். வன்னிப் புழுதியைத் துணியால் துடைக்கத் துடைக்கக் கீறல் விழும்.

குவிந்தது என்றால் தட்டைக் கண்ணாடியை வளைக்க முடியாது. உடைந்த லொறிக் கண்ணாடியில் நல்ல பகுதி இருந்தால், கைதேர்ந்தவர் அதிலிருந்து வெட்டித் தருவார். இல்லாவிட்டால் கொழும்புக்குப் போகிற யாரிடமாவது மட்டையைக் கொடுத்து, பாட்ஸ் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பார்க்கச் சொல்லுங்கள். பேஸ்புக்காரருக்கு முழுக்காசும் முன்கூட்டிப் போடாதீர்கள். அடிமட்டத்தோடு சேர்த்துப் படம் கேளுங்கள், பொருள் கைக்கு வந்ததும் காசு என்று சொல்லுங்கள். மறுத்தால் விட்டுவிடுங்கள். எங்கே வாங்கினாலும் பில் எடுங்கள். பொருளில் பிழையிருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 3 மாதத்துக்குள் எழுத்தில் முறையிடலாம். தொலைபேசி இலக்கம் 1977.

ஒட்டுவதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். நானும் விட்டேன். மூடியைத் திறந்ததும் வினாகிரி மணக்கிற சாதாரண சிலிக்கனைப் பூசினேன். மார்கழி மழை முடிவதற்குள் கண்ணாடியின் நடுவில் மிளகளவு கறுப்புப் புள்ளிகள் வந்து, பிறகு ஒன்றோடொன்று சேர்ந்து படர்ந்தன. அந்த அமிலம் பின்பக்க வெள்ளிப் பூச்சைத் தின்றுவிடும். 'நியூட்ரல்' என்று ரியூப்பில் எழுதியிருக்கிற சிலிக்கனைக் கேட்டு வாங்குங்கள். முதலில் கையுறை போட்டுப் பழைய துண்டுகளையும் பசையையும் சுரண்டி எடுங்கள். கண்ணாடியின் வெட்டு ஓரம் முழுவதும் நகப்பூச்சு ஒரு கோடு இழுத்தால் ஈரம் உள்ளே போகாது. நாலைந்து பொட்டாகச் சிலிக்கன் வைத்து, மெல்ல அழுத்தி, மாஸ்கிங் ரேப்பால் பிடித்துவிடுங்கள். கூட்டின் அடியில் தண்ணீர் வடிகிற ஓட்டை இருந்தால் அதை மூடிவிடாதீர்கள். ஒரு முழு நாள் காரை எடுக்க வேண்டாம்.