ஒரு மாதத்தில் நாவல் எழுதும் சவாலைப் பாதியில் விட்டுவிட்டால் அந்த உழைப்பு வீண்தானா?

கேள்வியைப் பார்த்ததும், இருபதாம் நாள் பக்கம் நின்றுபோனவர் நீங்கள் என்று தோன்றிவிட்டது. வீட்டில் யாரோ "முடிஞ்சுதா?" என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அது 2017 நவம்பர்.

தெரியாதவர்களுக்காக: நானோரைமோ என்ற இந்தச் சவாலை 1999-இல் அமெரிக்காவில் கிறிஸ் பேட்டி 21 பேரோடு தொடங்கினார். 30 நாளில் 50,000 சொல். நாளுக்கு 1,667. அந்த அமைப்பையே மூடுவதாக 2025-இல் அறிவித்துவிட்டார்கள். ஆனால் எழுத உட்காருவதற்கு அமைப்பு எதற்கு?

குமரி மாவட்டத்தில் குலசேகரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் ரப்பர் உண்டு. வீட்டுக்காரர் காலை நாலு மணிக்கே நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு பால் வெட்டப் போவார். அவர் திரும்பும்வரை அடுக்களையில் உட்கார்ந்து போனில் எழுதுவேன். மழை பெய்தால் வெட்டு கிடையாது. அன்றைக்குக் காசும் இல்லை, எனக்குத் தனிமையும் இல்லை. நவம்பரோ எங்களுக்கு மழை மாதம்.

எழுதியது என் அம்மச்சியின் கதை. பனையேறியைக் கட்டிக்கொண்டு, அக்கானி காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியே ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள்.

ஒன்பதாம் நாள்தான் ஒன்று உறைத்தது. ஆங்கிலத்தில் ஐந்து சொல்லாக வருவது நமக்கு 'அழுதுகொண்டிருந்திருக்கிறாள்' என்று ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. அவர்கள் கணக்கு 50,000 என்றால் நம் கணக்கு அதைவிட எவ்வளவோ கனம். எண்ணிக்கை ஏறட்டும் என்று சில நாள் 'அழுது கொண்டு இருந்து' எனப் பிரித்துப் பிரித்து எழுதினேன். பிறகு வாசித்தால் அம்மச்சி பேசுவதுபோலவே இல்லை. எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தேன். ஒரே காலையில் ஆயிரத்துக்கும் மேல் குறைந்துபோனது. சோம்பேறிக்குச் சாக்கு என்று சொல்பவர்கள் தமிழில் பத்து நாள் எழுதிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும்.

29-ஆம் தேதி இரவு 41,300. மறுநாள் ஒக்கி புயல் அடித்தது.

விடிந்தபோது மரங்கள் ஒடியும் சத்தம்தான் கேட்டது. எங்கள் விளையில் மட்டும் 23 ரப்பர் போயிற்று, பால் தந்துகொண்டிருந்த மரங்கள். ஒன்பது நாள் கரண்ட் இல்லை. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக் கடற்கரைகளில் கடலுக்குப் போன ஆட்களைத் தேடி அழுதுகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் உனக்கு நாவலா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன், எழுதியதையெல்லாம் அழித்துவிடலாம் என்றுகூட. மாமிதான் மூன்றாம் நாள் ராத்திரி, "பிள்ளே, ஒனக்க அம்மச்சிக்க கதை என்னாச்சு? பாக்கியச் சொல்லு" என்றார். போன் செத்துக் கிடந்தது. மண்ணெண்ணெய் விளக்கில் மகளின் ரஃப் நோட்டை எடுத்து, சொல்லிச் சொல்லி எழுதினேன். பதினான்கு பக்கம். அம்மச்சி ஒரு புயலில் வீட்டுக்கூரையைப் பிடித்துக்கொண்டு நின்ற இடம் அதில்தான் வந்தது. அதற்கு முன் எனக்கு அது எழுத வரவேயில்லை.

அந்தப் பதினான்கு பக்கத்தில் எத்தனை சொல் என்று இன்றுவரை எண்ணவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. பிறகு ஒரு பதிப்பகத்துக்கு அனுப்பினேன். பெயர் வேண்டாம். 'ஓர்மை' என்பதை 'நினைவு' என்றும், 'அக்கானி'யைப் 'பதநீர்' என்றும் மாற்றி, "மலையாளம் கலந்திருக்கிறது" என்று குறிப்பெழுதித் திருப்பினார்கள். அப்போது திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த எங்கள் பகுதி தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கேட்டதற்காக 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர்விட்ட ஊர்க்காரர்கள் நாங்கள். 1956 நவம்பர் 1-இல் சேர்ந்தோம். எங்கள் அம்மச்சி பேசியது தமிழில்லை என்று யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டாம். பிரதியைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

அது புத்தகமாகவில்லை. அதனால் பதில் சொல்ல எனக்குத் தகுதியில்லை என்று நினைத்தால் கடந்துபோங்கள். நீங்கள் எழுதியதை மட்டும் அழித்துவிடாதீர்கள். நின்ற இடத்தை வீட்டில் யாருக்காவது வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். மாமி இப்போதும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கி, கூரை வரும் பக்கத்தை என்னை வாசிக்கச் சொல்வார்.