மனைவியிடம் கத்திவிட்டுத் திருவிருந்து எடுக்கலாமா?

எடுக்கலாம். உண்மையாக மனம் வருந்துகிறீர்கள் என்றால் இந்த ஞாயிறு ஆராதனையிலேயே அந்த அப்பத்தையும் இரசத்தையும் எடுங்கள். அதே கோபத்தில் திரும்பத் திரும்ப விழுவதால், "அபாத்திரமாய்" (தகாத விதமாய்) எடுத்துவிடுவேனோ என்று பயந்து மூன்று மாதமாகத் தவிர்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

அந்த ஒரு சொல்தான் உங்களைப் பிடித்து வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். 1 கொரிந்தியர் 11:27-இல் அது ஆளின் தகுதியைச் சொல்லவில்லை, எடுக்கிற விதத்தைச் சொல்கிறது. கொரிந்து சபையில் சிலர் முந்திக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒருவன் பசியாயிருக்க, இன்னொருவன் குடிவெறியில் இருந்தான் (21-ஆம் வசனம்). அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் கண்டித்தது அதைத்தான். தகுதி பார்த்தால் நம்மில் யார் அந்த மேசைக்கு வர முடியும்?

28-ஆம் வசனத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். சோதித்தறிந்து விலகி நில் என்று அங்கே இல்லை. சோதித்தறிந்து புசிக்கத்தான் சொல்கிறது.

கிருபையைச் சாக்காக்கிக் கத்திக்கொண்டே இருப்பதுதான் துணிகரம், அதாவது தெரிந்தே துணிந்து செய்யும் பாவம். அழுதுகொண்டு திரும்பி வருவது துணிகரம் அல்ல. அவபக்தியை வெறுக்க நமக்குக் கற்றுத்தருவதே கிருபைதான் (தீத்து 2:11-12).

ஆனால் ஒன்று. முதலில் மனைவியிடம் மன்னிப்புக் கேளுங்கள். மத்தேயு 5:23-24 அந்த வரிசையைத்தான் சொல்கிறது. கை ஓங்கும் அளவுக்குப் போயிருந்தால் மன்னிப்பு மட்டும் போதாது, அவருடைய பாதுகாப்புதான் முதலில். ஆயரிடமும் ஒரு ஆலோசகரிடமும் போங்கள். அப்புறம், நீங்கள் கத்தோலிக்கர் என்றால், சாவான பாவத்துக்கு (கனமான பாவத்துக்கு) முதலில் பாவசங்கீர்த்தனம் செய்வதே, அதாவது குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவதே திருச்சபை முறை.