மேசைப்போர் விமானங்கள்: பத்திரமாக வைப்பதும் கொண்டுசெல்வதும் (வாசகர் கேள்வி – பதில்)

மேசையில் வரைபடத்தை விரித்து, உள்ளங்கையில் அடங்கும் விமான உருவங்களை நகர்த்தி, பழைய வான்போர்களை ஆடிப் பார்க்கும் வார்கேம் ஆர்வலர்களிடமிருந்து வந்த நான்கு கடிதங்களுக்கு இம்மாதம் பதில் சொல்கிறோம். நான்கும் ஒரே கவலையைப் பற்றியவை என்பதால் சேர்த்தே எடுத்துக்கொண்டோம்.

*முதல் உலகப்போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானங்கள் 12 வைத்திருக்கிறேன். எல்லாம் 1/144 அளவு. வாரந்தோறும் ரயிலில் கிளப்புக்கு எடுத்துச் செல்கிறேன். ஒவ்வொரு விமானத்தின் வடிவத்துக்கும் ஃபோமை வெட்டி, அதில் பொருத்தித்தான் வைக்கிறேன். அப்படியும் இறக்கைகளுக்கு நடுவே உள்ள மெல்லிய தூண்கள் ஒடிந்துகொண்டே இருக்கின்றன. எங்கே தவறு?*
— வாசகர், ஹாரோ, லண்டன்

வடிவத்துக்கு ஏற்ப வெட்டிய அந்த ஃபோம்தான் உங்கள் தூண்களை ஒடிக்கிறது. போர்வீரர் உருவங்களுக்கு அந்த முறை பொருந்தும். அவற்றின் உடல் திரண்டது, எங்கே அழுத்தினாலும் தாங்கும். விமானத்தில் எடை முழுவதும் நடு உடலில் இருக்கிறது. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இறக்கை, வால், சக்கரம், துப்பாக்கி எல்லாமே மெல்லியவை. சாப்வித் கேமல் விமானத்தின் மேல் இறக்கையைத் தூக்கி நிறுத்துபவை சில தூண்கள் மட்டுமே. இறுக்கமான ஃபோமிலிருந்து அதை எடுக்க விரல்கள் எதைப் பற்றுகின்றன என்று அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் மேல் இறக்கையின் இரு ஓரங்களைத்தான் பற்றுகின்றன. கீழே ஃபோம் சக்கரங்களைப் பிடித்து இழுக்க, மேலே நாம் இறக்கையைப் பிடித்து இழுக்கிறோம். ரயிலின் குலுக்கலைவிட இந்த இழுபறிதான் அதிகச் சேதம் செய்கிறது. நிஜ விமானங்களிலேயே எங்கே கால் வைக்கக்கூடாது, எங்கே முட்டுக் கொடுத்துத் தூக்கலாம் என்று உடலின் மேல் எழுதி வைத்திருப்பார்கள். நம் சிறு விமானங்களுக்கும் அதே விதிதான்: பிடிப்பு நடு உடலில் மட்டும் இருக்க வேண்டும், இறக்கைகளை எதுவும் தொடக்கூடாது.

இதற்கு எனக்குத் தெரிந்த வழிகளில் செலவு குறைந்ததும் நம்பகமானதும் ஆணிப்பலகை. மெல்லிய பிளைவுட் பலகை ஒன்றில், தட்டையான தலையுள்ள இரும்பு ஆணிகளை, தலை மேலே சுமார் 20 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி நிறுத்துங்கள். விமானத்தின் வயிற்றுப் பகுதியில், தாங்கு தண்டு (ஆடும்போது விமானத்தை மேசைக்கு மேலே நிறுத்தும் குச்சி) செருகும் துளையை விட்டுச் சற்றுத் தள்ளி, கைத்துளைப்பானால் 1 மி.மீ. ஆழத்துக்குத் துளையிட்டு, 3 மி.மீ. விட்டமும் 1 மி.மீ. கனமும் உள்ள நியோடைமியம் காந்தம் ஒன்றைப் பதியுங்கள். இந்த அளவில் விமானத்தின் உடல் பெரும்பாலும் 6, 7 மி.மீ. அகலம் இருப்பதால் காந்தத்துக்கு இடம் போதும். ஒட்டுவதற்கு இரண்டு குழாய்களைக் கலந்து பூசும் எபாக்ஸிப் பசையே நல்லது. நொடியில் ஒட்டும் பசையின் ஆவி பக்கத்துப் பரப்புகளில் வெண்படலமாகப் படியும், விமானியின் கண்ணாடியில் படிந்தால் பார்க்கவே மனம் பொறுக்காது. இரண்டு காந்தங்களை எதிரெதிராக வைத்தால் துருவம் மாறிப்போகும் கவலை உண்டு. ஆணித்தலை வெறும் இரும்பு என்பதால் அந்தக் கவலை இங்கே இல்லை.

ஆணிகளுக்கு இடையே எவ்வளவு இடைவெளி என்பதுதான் முக்கியம். காந்தம் விமானத்தை மேலே எழும்ப விடாது. ஆனால் பக்கவாட்டில் திரும்புவதைத் தடுக்கும் வலு அதற்குக் குறைவு. ஆகவே விமானம் தன் ஆணியின் மேல் ஒரு முழுச் சுற்றுச் சுற்றினாலும் அடுத்ததைத் தொடாதபடி இடம் விட வேண்டும். கேமலின் இறக்கை விரிவு 8.53 மீட்டர், 1/144 அளவில் 59 மி.மீ. வருகிறது. ஒவ்வொன்றுக்கும் 75 மி.மீ. சதுரம் ஒதுக்கினால், 300 மி.மீ. நீளமும் 225 மி.மீ. அகலமும் உள்ள பலகையில் உங்கள் 12 விமானங்களும் அமர்ந்துவிடும். பலகைக்கு மேல் 60 மி.மீ. உயரமுள்ள மூடிய பிளாஸ்டிக் பெட்டி போதும். பலகை பெட்டிக்குள் நகராமல் நான்கு மூலைகளிலும் முட்டுக் கொடுங்கள். பிறகு கட்டில் மெத்தையின் மேல் ஒரே ஒரு விமானத்தோடு பெட்டியை நிமிர்த்தி, சாய்த்து, கவிழ்த்துப் பாருங்கள். அதில் தேறிய பிறகு மற்றவற்றை ஏற்றுங்கள்.

ஆணி அடிக்க மனமில்லாமல் எவர்சில்வர் டப்பாவில் நேரடியாக ஒட்ட வைக்கலாம் என்று நினைப்பவர்கள், வாங்கும் முன் காந்தத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. சமையலறையில் உள்ள நல்ல எவர்சில்வர் பாத்திரங்கள் பலவற்றில் காந்தம் ஒட்டாது. பிஸ்கட் வரும் தகர டப்பாவில் ஒட்டும்.

தாங்கு தண்டுகளை ஒருபோதும் விமானத்தில் செருகியபடியே எடுத்துச் செல்லாதீர்கள். அந்த ஒளிபுகும் பிளாஸ்டிக் தண்டு நெம்புகோல் போல் வேலை செய்து, ஒன்று தானே முறியும், அல்லது வயிற்றுத் துளையைப் பிளக்கும்.

*இங்கிலாந்தில் இருபது ஆண்டுகள் வசித்தபோது சேர்த்த 1/300 அளவு உலோக விமானங்களை ஊருக்குக் கொண்டுவந்து மர அலமாரியில் பூட்டி வைத்தேன். இப்போது சிலவற்றின் அடியில் சாம்பல் கலந்த வெள்ளைப் பொடி பூத்திருக்கிறது. பூஞ்சையா?*
— வாசகர், கோயம்புத்தூர்

பூஞ்சையாக இருக்க வாய்ப்பு குறைவு. பழைய உலோக உருவங்கள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். மரத்திலிருந்து மெல்ல வெளியேறும் அசிட்டிக் அமில ஆவி, காற்றோட்டமில்லாத அலமாரிக்குள் தேங்கி ஈயத்தை அரிக்கும். அந்த அரிப்பில் உண்டாகும் ஈயக் கார்பனேட்தான் வெள்ளைப் பொடியாகப் பூக்கிறது. ஓக் மரம் இதில் பெயர்பெற்றது. பசை கலந்து அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையும் இதே தீங்கைச் செய்யும். வண்ணம் பூசாத அடிப்பகுதியில் முதலில் தோன்றுவதும் இதனால்தான்.

அந்தப் பொடி நஞ்சு. ஊதாதீர்கள், உலர்ந்த தூரிகையால் தட்டாதீர்கள். கையுறை அணிந்து, ஈரத் துணியால் துடைத்தெடுத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்; குழந்தைகளையும் சாப்பாட்டு மேசையையும் தள்ளி வையுங்கள். வினிகரில் ஊறப்போட்டுச் சுத்தம் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், வினிகரே அசிட்டிக் அமிலம்தான். நன்றாக உலர்ந்த பின் அடிப்பகுதி உட்பட முழுவதும் வண்ணமும் வார்னிஷும் பூசி, பாலிப்ரொப்பிலீன் டப்பாவிலோ இரும்பு பீரோவிலோ வைத்து, மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். (மேலே சொன்ன ஆணிப்பலகைக்கும் இது பொருந்தும்: பயணத்துக்கு அது சரி; ஈய விமானங்களை மாதக்கணக்கில் அதோடு சேர்த்து மூடி வைக்க வேண்டாம்.)

பிளாஸ்டிக் விமானங்களும் அதே அலமாரியில் இருந்தால், பூச்சிக்காகப் போடும் அந்துருண்டையை உடனே எடுத்துவிடுங்கள். அதன் ஆவி பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும்.

*இரண்டாம் உலகப்போர் விமானங்களைக் குமிழி உறையில் சுற்றி வைத்திருந்தேன். பிரித்தபோது வார்னிஷின் மேல் வட்ட வட்டமாகத் தடம் பதிந்திருந்தது. ரெசினில் செய்த லங்காஸ்டர் ஒன்றின் இறக்கையும் தொங்கிவிட்டது. சரிசெய்ய முடியுமா?*
— வாசகி, சிங்கப்பூர்

இறக்கையைச் சரிசெய்யலாம். கை பொறுக்கும் சூட்டைவிடச் சற்றுக் கூடுதலான வெந்நீரில் அந்த இறக்கையை ஒரு நிமிடம் அமிழ்த்தி, மெதுவாக நிமிர்த்தி, அப்படியே பிடித்தபடி குளிர்ந்த நீரில் காட்டினால் நின்றுவிடும். ஒரேயடியாக வளைக்க முயலாமல் இரண்டு மூன்று முறையாகச் செய்யுங்கள். நிஜ லங்காஸ்டரின் விரிவு 31 மீட்டருக்குச் சற்று மேல். 1/200 அளவில்கூட 155 மி.மீ. ஆகிறது. அத்தனை நீள இறக்கை, வெப்பத்தில் தன் எடையாலேயே தொய்யும். இதுபோன்ற குண்டுவீச்சு விமானங்களுக்கு மட்டும் இறக்கையின் அடியில், எஞ்சின்களுக்கு அருகே, இருபுறமும் மிருதுவான முட்டு வைக்கலாம்.

தடத்துக்கு மேலே மற்றொரு பூச்சு மங்கல் வார்னிஷ் பூசிப் பாருங்கள், பெரும்பாலும் மறைந்துவிடும். அக்ரிலிக் பூச்சு ஒரு மணி நேரத்தில் தொடத் தோதாக உலர்ந்தாலும், உள்ளே இறுக நாட்கள் ஆகும். உங்கள் ஊரின் ஈரப்பதத்தில் ஒரு வாரமாவது காத்திருக்க வேண்டும். மென்மையான வினைல் பைகளையும் தவிருங்கள். அவற்றை வளைய வைக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து வண்ணத்தையும் பிளாஸ்டிக்கையும் பிசுபிசுக்க வைக்கும். பாலியூரித்தேன் ஃபோமும் வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் சில ஆண்டுகளில் ஒட்டிக்கொள்ளும் தூளாக உதிரும். ஃபோம் தேவைப்பட்டால் டிவி, ஃபிரிட்ஜ் பெட்டிகளில் வரும் வளையும் வெள்ளை பாலிஎத்திலீன் தாளைப் பயன்படுத்துங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் பெட்டியை விட்டுச் செல்ல வேண்டாம். உள்ளே 60 டிகிரி செல்சியஸை எட்டுவது அரிதல்ல.

*விடுமுறைக்கு லண்டனிலிருந்து சென்னைக்கு வருகிறேன். காந்தம் பதித்த ஆறு விமானங்களை உடன் எடுத்துவரலாமா?*
— வாசகர், குரோய்டன்

எடுத்து வாருங்கள், ஆனால் கைப்பையில். சரக்குப் பெட்டி எங்கே, எந்தப் பக்கமாக விழுகிறது என்பது நம் கையில் இல்லை. மூடி ஒளிபுகும் பெட்டியாக இருந்தால், சோதனையில் திறக்காமலேயே உள்ளே இருப்பதைக் காட்டிவிடலாம். உதிரிக் காந்தங்கள் இருந்தால் ஒன்றோடொன்று சேர்த்து ஒரு இரும்புத் தகட்டில் ஒட்டி வையுங்கள். நிறைய இருந்தால் விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். பசையை இங்கே வந்து வாங்கிக்கொள்வதே எளிது.

உறவினர் வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் பெட்டியை உயரத்தில் வையுங்கள். விமானம் உடைந்தால் ஒட்டிவிடலாம். ஆனால் கழன்று விழுந்த காந்தங்கள் இரண்டைக் குழந்தை விழுங்கினால், அவை குடலின் சுவர்களை நடுவில் வைத்து ஒன்றையொன்று இழுத்துத் துளையிட்டுவிடும். அப்படி ஒரு சந்தேகம் எழுந்தாலே, வலி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கிளம்பும் முன் ஒவ்வொரு விமானத்தையும் திருப்பி, காந்தம் உறுதியாக இருக்கிறதா என்று நகத்தால் நெம்பிப் பார்த்துவிடுங்கள்.