பெட்டியில் போட்டிருக்கும் '1 மில்லி வினாடி'யை எவ்வளவு நம்பலாம்?

பள்ளி விடுமுறை நெருங்கினால் எனக்கு மானிட்டர் கேள்விகள் வரத் தொடங்கிவிடும். இந்த முறை ஐந்து கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

மகன் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கன்சோலுக்கு மானிட்டர் கேட்கிறான். '1 மில்லி வினாடி இல்லாவிட்டால் வேண்டாம்' என்று பிடிவாதம். கடையில் 4 மில்லி வினாடி போட்டது 100 வெள்ளி குறைவு. எதை வாங்க? (ஈசூன் வாசகர்)

அந்த 1-க்காக மட்டும் 100 வெள்ளி கொடுக்காதீர்கள், ஐயா. திரையில் ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற எடுக்கும் நேரம்தான் ரெஸ்பான்ஸ் டைம். எல்லா மாற்றமும் ஒரே வேகத்தில் நடக்காது. தயாரிப்பாளர்கள் அவற்றில் வேகமான ஒன்றைப் பிடித்து, புள்ளிகளை வேகமாக மாறத் தூண்டும் ஓவர்டிரைவ் அமைப்பை உச்சத்துக்கு ஏற்றி அளந்து, வந்த எண்ணைப் பெட்டியில் போட்டுவிடுவார்கள். அதே உச்சத்தில் வைத்து ஆடிப் பாருங்கள்: ஓடுகிறவன் முதுகுக்குப் பின்னால் வெளிறிய கோடு ஒன்று ஒட்டிக்கொண்டே வரும். ஒரு படி இறக்கினால் கோடு போய்விடும், கூடவே அந்த 1-உம் போய்விடும்!

பிஎஸ்5 வினாடிக்கு அதிகபட்சம் 120 படங்கள் அனுப்பும். அப்படியானால் ஒரு படத்துக்கு 8.3 மில்லி வினாடி. பெரும்பாலான ஆட்டங்கள் ஓடும் 60-இல் அது 16.7. அதற்குள் புள்ளிகள் மாறி முடித்தால் போதும். ஐபிஎஸ் என்ற திரை வகையில் நல்ல மானிட்டர்கள் அதை முடித்துவிடுகின்றன.

இன்னொன்று. பையன்கள் 'லேக்' என்று கத்துவது பெரும்பாலும் இதைப் பற்றியே அல்ல. பொத்தானை அழுத்தியதும் திரையில் தெரிய ஆகும் தாமதம் இன்புட் லேக். அது வேறு கணக்கு, பெட்டியில் அநேகமாக இருக்காது. கூடத்து டிவியில் கேம் மோட் போடாமல் ஆடினால் கை ஒரு பக்கம், படம் ஒரு பக்கம் என்று போகும். மானிட்டருக்கு மாறியதுமே 'அடேங்கப்பா, என்ன வேகம்' என்று தோன்றுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். கடைக்குப் போவதற்கு முன் டிவியில் கேம் மோடைப் போட்டு ஒரு வாரம் ஆடச் சொல்லுங்கள். செலவே இல்லாமல் பிரச்சினை தீர்ந்தாலும் தீரும்.

4கே, 144 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 144 படங்கள்) என்று பார்த்து வாங்கினேன். பிஎஸ்5-இல் 60-க்கு மேல் ஏறவில்லை. ஏமாற்றிவிட்டார்களா? (பொங்கோல் வாசகி)

ஏமாற்றவில்லை, முழுசாகவும் சொல்லவில்லை. அந்த 144 டிஸ்ப்ளேபோர்ட் வழியாக வருவது. கன்சோலில் அந்தத் துளையே கிடையாது, எச்டிஎம்ஐ மட்டும்தான். உங்கள் மானிட்டரின் எச்டிஎம்ஐ 2.0 ஆக இருக்கும். அதில் 4கே என்றால் 60-தான் மேல்வரம்பு. 4கே-யும் 120-உம் சேர்ந்து வேண்டுமென்றால் 2.1 தேவை.

மாற்ற முடியாத நிலை என்றால் பிஎஸ்5 அமைப்பில் தெளிவுத்திறனை 1440பி-க்கு இறக்குங்கள். 2022 செப்டம்பர் அப்டேட்டில் அந்த வசதி வந்தது, எச்டிஎம்ஐ 2.0-இலும் 1440பி-யில் 120 வரும். மானிட்டர் ஏற்காவிட்டால் 1080பி. 120 ஹெர்ட்ஸ் வெளியீடு 'ஆட்டோமேட்டிக்' என்று இருக்கிறதா, கேம் ப்ரீசெட்டில் 'பெர்ஃபார்மன்ஸ் மோட்' தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். அந்த ஆட்டமே 120-ஐ ஆதரிக்க வேண்டும் என்பது தனி. எல்லாம் ஆதரிப்பதில்லை.

விஆர்ஆர், அதாவது ஆட்டத்தின் வேகத்துக்கு ஏற்பத் திரையும் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளும் வசதி பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிஎஸ்5-இல் அது எச்டிஎம்ஐ 2.1 வழியாக மட்டுமே. பெட்டியில் 'ஃப்ரீசிங்க்' என்று இருப்பது அதே வேலையைச் செய்யும் இன்னொரு வகை, அது எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் வைத்திருப்பவருக்கு உதவும், உங்களுக்கு அல்ல. '2.1' என்ற எழுத்தையும் அப்படியே நம்ப வேண்டாம். அதன் வசதிகள் கட்டாயமில்லை, விருப்பத்துக்கு உட்பட்டவை. '4கே 120 ஹெர்ட்ஸ் எச்டிஎம்ஐ-யில் வருமா?' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

இருட்டுக் காட்சியில் கேமராவைத் திருப்பினால் தூண்களுக்குப் பின்னால் மை இழுத்த மாதிரி கறை வருகிறது. மானிட்டர் பழுதா? (ஜூரோங் வெஸ்ட் வாசகர்)

பழுதல்ல, விஏ என்ற திரை வகையின் பிறவிக் குணம். கருப்பிலிருந்து அடர் சாம்பலுக்கு மாறும்போதுதான் அது நொண்டும். நானும் பட்டவன். கடையில் பளிச்சென்ற கார் பந்தயத்தை ஓடவிட்டிருந்தார்கள், வளைந்த திரையில் மயங்கி வாங்கி வந்துவிட்டேன். அன்று இரவு குகைக் காட்சி ஒன்றில் சுவரெல்லாம் வழிந்தது. அப்புறம்தான் புரிந்தது, கடையில் இருட்டைக் காட்டச் சொல்லிக் கேட்டிருக்க வேண்டும்.

ஓவர்டிரைவை ஒரு படி ஏற்றுங்கள், ஆட்டத்தின் ஒளி அளவைக் கொஞ்சம் உயர்த்துங்கள். குறையும், முழுசாகப் போகாது. பந்தாட்டமும் பந்தயமும் மட்டும் ஆடுபவர் என்றால் விஏ-யே போதும், அதன் கருப்பு ஐபிஎஸ்-ஐவிட அழகு. பேய் ஆட்டம் பிரியர் என்றால் சேமித்து, புள்ளி ஒவ்வொன்றும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரைக்குப் போங்கள்.

ஓஎல்இடி-யில் அச்சு விழும், நெடுநேரம் நின்ற படத்தின் தடம் தங்கிவிடும் என்கிறார்களே? பகலில் அலுவலக வேலையும் அதே திரையில்தான். (செங்காங் வாசகி)

வேகத்தில் அதற்கு இணையில்லை. புள்ளிகள் ஒரு மில்லி வினாடிக்கும் மிகக் குறைவான நேரத்தில் மாறிவிடும். ஆனால் எட்டு மணி நேரம் ஒரே எக்செல் கட்டமும் டாஸ்க்பாரும் நின்றால் அச்சு விழும் வாய்ப்பு நிஜம். டாஸ்க்பாரை மறையுங்கள், ஒளியைக் குறையுங்கள்.

நம் வீட்டுப் பழக்கம் ஒன்றும் இதில் குறுக்கே வரும். இரவில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டுப் படுக்கிறோம் அல்லவா? இந்தத் திரைகள் ஸ்டாண்ட்பை-யில் இருக்கும்போதுதான் தங்களைத் தாங்களே சரிசெய்துகொள்ளும். அம்மாவிடம் சொல்லி அந்த ஒரு சுவிட்சை மட்டும் விட்டுவையுங்கள். முழுநேர வேலையும் இதில்தான் என்றால் நான் ஐபிஎஸ்-ஐயே சொல்வேன்.

கேரோசல் விற்பனைத் தளத்தில் பழைய மானிட்டர் பார்த்தேன். என்ன சோதிக்க வேண்டும்? அதில் ஸ்பீக்கரும் இல்லையாம். (உட்லண்ட்ஸ், தொடக்கக் கல்லூரி மாணவர்)

தம்பி, முடிந்தால் கன்சோலையும் கேபிளையும் பையில் எடுத்துக்கொண்டு போங்கள். விற்பவர் வீட்டில் சொருகி 120 வருகிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். முழு வெள்ளை, முழு கருப்புப் படங்கள் இரண்டைப் போட்டால் செத்த புள்ளியும் மூலையில் கசியும் ஒளியும் தெரிந்துவிடும்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கடையில் வாங்கினால் குறையுள்ள பொருளுக்கான 'லெமன் சட்டம்' துணைக்கு இருக்கிறது: ஆறு மாதத்துக்குள் குறை தெரிந்தால், கொடுக்கும்போதே அது இருந்ததாகத்தான் பொதுவாக எடுத்துக்கொள்வார்கள். தனி ஆளிடம் வாங்கும்போது அந்தப் பாதுகாப்பு கிடையாது. 30, 40 வெள்ளிதான் வித்தியாசம் என்றால் புதியதே மேல்.

ஸ்பீக்கருக்குக் கவலை வேண்டாம். பிஎஸ்5 கன்ட்ரோலரின் அடியில் ஹெட்போன் துளை இருக்கிறது, சாதாரண ஒயர் ஹெட்போனே போதும். சாப்பிடக் கூப்பிடுவது மட்டும் காதில் விழாது.