வலைய எடுத்துட்டா மீன் தானா வந்துடுமா?

கேள்வி: அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவுல இருக்கற சுப்பீரியர் ஏரியில லேக் டிரவுட் மீன் பழையபடி பெருகிடுச்சாமே. மீன் பிடிக்கறத குறைச்சதால வந்ததா சார், இல்ல குஞ்சு வளத்து விட்டதாலயா?
– தஞ்சாவூர் வாசகர்

பதில்: ரெண்டும்தான், மூணாவதா ஒண்ணும் இருக்கு. ஆனா என்னைக் கேட்டா வலைய எடுத்ததுக்கு ரெண்டு மார்க் கூடப் போடுவேன். ஊட்டி பக்கம் அவலாஞ்சில வளக்கறாங்களே அந்த டிரவுட்ட நினைச்சுக்காதீங்க, அது வேற ஜாதி. இது ஆழத்துல குளுந்த தண்ணியில மெதுவா வளர்றது, ஆறேழு வருஷம் ஆனாத்தான் முட்டை போடற பக்குவமே வரும், ஆனா சும்மா விட்டா இருபது முப்பது வருஷம் தாராளமா உயிரோட இருக்கும், வயசாகி உடம்பு பெருக்கப் பெருக்க முட்டையும் கூடும். இத அஞ்சு வயசுலயே வலை போட்டு அள்ளிட்டா அடுத்த தலைமுறை எங்கேர்ந்து வரும் சொல்லுங்க?

அந்த மூணாவது விஷயம் லாம்ப்ரே. பாம்பு மாதிரி உடம்பு, வாய் பூரா பல்லு, மீன் மேல ஒட்டிக்கிட்டு ரத்தத்த உறிஞ்சிடும். நயாகரா அருவிய தாண்ட முடியாம கிடந்தத அருவிய சுத்திக் கப்பல் போக வெட்டின வெல்லண்ட் கால்வாய் உள்ள விட்டுடுச்சு, 1938ல சுப்பீரியர்லயே தலை காட்டிடுச்சு. ஒரு பக்கம் வலை, ஒரு பக்கம் இது, 1950கள்ல மீன் சரிஞ்சு போச்சு. 1958ல லாம்ப்ரே குஞ்சுங்க வளர்ற ஆறுகள்ல அதுங்கள கொல்ற மருந்து விட ஆரம்பிச்சாங்க, 1962ல வியாபார மீன்பிடிப்ப மூடினாங்க, கூடவே லட்சக்கணக்குல குஞ்சும் விட்டாங்க.

இதுல எனக்குப் புடிச்ச இடம் அமெரிக்காவோட விஸ்கான்சின் மாநிலத்துப் பக்கமா ஏரிக்குள்ள இருக்கற கல் ஐலண்ட் (Gull Island) திட்டு. பெரும்பாலான இடத்துல அழிஞ்சப்ப, பண்ணையில வளக்காம இயற்கையா பொறந்த மீன் கொஞ்சம் தப்பிச்சு ஒட்டிக்கிட்டிருந்த பாறை மேடு அது. 1976ல அத சுத்தி மீன் பிடிக்கவே கூடாதுன்னு ஒதுக்கிட்டாங்க, அங்க முட்டை போடற பெட்டை மீனுங்க எண்ணிக்கை ஏறுச்சு. பண்ணையில வளந்த குஞ்சுக்கு எந்தப் பாறையில போய் முட்டை போடணும்னு சரியா தெரியறதில்ல, இதுங்களுக்கு அது பிறந்த வீடு. 1996ல ஏரியோட பெரும்பாலான பகுதியில குஞ்சு விடறதயே நிறுத்திட்டாங்க, 2024 நவம்பர்ல மீண்டாச்சுன்னு பெரிய ஏரிகள் மீன்வள ஆணையம் அறிவிச்சுது.

கேள்வி: அப்ப மீனவங்க பொழப்பு?
– அதே வாசகர்

பதில்: 1962ல மூடினத அப்படியே ஒரேயடியா மூடி வைக்கல. ஓஜிப்வே பழங்குடி மக்களுக்கு ஒப்பந்தப்படி பிடிக்கற உரிமை இருக்கு, அதனால எவ்ளோ பிடிக்கலாம்னு கோட்டா போட்டுப் பிடிக்கறாங்க. வலையில போறது, லாம்ப்ரே கடிச்சு போறது, தானா சாகறது எல்லாத்தயும் ஒண்ணா கூட்டி, வருஷத்துக்கு நூத்துக்கு 40, 45க்கு மேல சாகக்கூடாதுங்கறதுதான் பொதுவான கணக்கு. லாம்ப்ரே கூடுச்சுன்னா வலைக்கான பங்குல கை வைக்க வேண்டியதுதான்.

இதே கணக்க தலைகீழா போடற இடமும் இருக்கு. அமெரிக்காவோட எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுல இருக்கற எல்லோஸ்டோன் ஏரிக்கு லேக் டிரவுட் சொந்த மீன் கிடையாது, 1994ல அங்க இருக்கறத கண்டுபிடிச்சாங்க, அது உள்ளூர் கட்த்ரோட் டிரவுட்ட தின்னு தீக்க ஆரம்பிச்சுடுச்சு. அதனால பார்க்காரங்களே காசு குடுத்து ஆள் வச்சு வருஷா வருஷம் செவுள் வலை போட்டு அத அரிச்சு எடுத்துக்கிட்டிருக்காங்க.