‘ஆவன செய்யப்படும்’ என்ற பதிலுக்குப் பிறகு: அவைக் கேள்விகள் பற்றி வாசகர் ஐயங்கள்

மருத்துவமனை, ஆம்புலன்ஸ், நாய்க்கடி, கள்ளச்சாராயம் போன்றவை பற்றிச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எப்படிக் கேட்கிறார்கள், கிடைக்கும் பதிலை என்ன செய்வது என்று வாசகர்கள் பலர் கேட்டிருந்தார்கள். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் மருத்துவர் இருப்பதில்லை. எம்.பி.யிடம் மனு கொடுத்தோம். ‘அது மாநில அரசு விஷயம்’ என்கிறார். தட்டிக்கழிக்கிறாரா?

அவர் சொன்னதில் பாதி சரி. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலைப் பாருங்கள். பொது ஒழுங்கு முதல் இனம், காவல் துறை இரண்டாவது, பொது சுகாதாரமும் மருத்துவமனைகளும் ஆறாவது. அதனால்தான் உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தரும் பதில்கள் பல ‘காவலும் பொது ஒழுங்கும் மாநிலப் பொறுப்பு’ என்றே தொடங்குகின்றன. உங்கள் ஊரில் இரவுப் பணிக்கு ஆள் போடுவது பற்றிக் கேட்க வேண்டியவர் உங்கள் எம்.எல்.ஏ.

மீதிப் பாதியை எம்.பி. சொல்லாமல் விட்டுவிட்டார். தேசிய நலவாழ்வுத் திட்டத்தின் பணத்தில் தமிழ்நாட்டுக்கு ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு. அந்தப் பணம் எவ்வளவு ஒதுக்கப்பட்டது, எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாகாமல் நின்றது என்று நாடாளுமன்றத்தில் தாராளமாகக் கேட்கலாம். மருத்துவக் கல்வி, மருந்துகளின் தரம், உணவுக் கலப்படம், மாநிலம் விட்டு மாநிலம் பரவும் தொற்றுநோய் ஆகியவை பொதுப் பட்டியலில் உள்ளவை. அவற்றைச் சட்டமன்றத்திலும் நாடாளுமன்றத்திலும் எழுப்பலாம். ‘மாநில விஷயம்’ என்ற பதில் வந்தால், ‘அதற்கு நீங்கள் கொடுக்கும் பணத்தின் கணக்கு?’ என்று அடுத்த கேள்வியைப் போட வேண்டும்.

நட்சத்திரக் குறியிட்ட கேள்வி, குறியிடாத கேள்வி: எது பயனுள்ளது?

குறியிட்டதற்கு அமைச்சர் அவையில் எழுந்து வாய்மொழியாகப் பதில் சொல்வார். உறுப்பினர்கள் துணைக் கேள்வி கேட்கலாம். குறியிடாததற்கு எழுத்தில் பதில் வரும். துணைக் கேள்வி கிடையாது. மக்களவையில் ஒரு நாளுக்குக் குறியிட்டவை 20, குறியிடாதவை 230 வரை பட்டியலிடப்படும். யாருடைய கேள்வி முன்னே வரும் என்பதைக் குலுக்கல் தீர்மானிக்கிறது. 20-இல் ஏழெட்டுக் கேள்விகளுக்கு மேல் வாய்மொழிப் பதில் வரும் நாள் அரிது.

விவரம் வேண்டுமென்றால் குறியிடாத கேள்வியே நல்லது என்பது என் கருத்து. மாவட்ட வாரியான காலிப் பணியிட அட்டவணையை எந்த அமைச்சராலும் நின்றபடி வாசிக்க முடியாது. எழுத்தில் வந்தால் இணைப்பாக வரும், பதிவில் நிற்கும், அடுத்த ஆண்டுக் கணக்கோடு ஒப்பிடலாம். ஒரு கொள்கையைப் பற்றி அமைச்சரின் வாயிலிருந்தே நிலைப்பாடு வேண்டும் என்றால் மட்டும் நட்சத்திரக் குறிக்கு முயல வேண்டும்.

எங்கள் குடியிருப்போர் சங்கம் எம்.எல்.ஏ.வுக்குக் கேள்விகள் எழுதிக் கொடுக்க விரும்புகிறது. எப்படி எழுதினால் நழுவ முடியாத பதில் வரும்?

இத்தனை கடிதங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். பதிலின் தரம் பெரும்பாலும் கேள்வியிலேயே முடிவாகிவிடுகிறது. ‘எங்கள் ஊருக்கு மருத்துவமனை அமைக்க அரசு முன்வருமா?’ என்று கேட்டால், ‘அத்தகைய கருத்துரு ஏதும் இல்லை’ என்றோ ‘நிதிநிலைக்கேற்ப ஆவன செய்யப்படும்’ என்றோ ஒரு வரியில் முடிந்துவிடும். அதையே எண்ணாகக் கேளுங்கள். இந்த ஊராட்சி ஒன்றியத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அனுமதிக்கப்பட்ட மருத்துவர் பணியிடங்கள் எத்தனை, நிரப்பப்பட்டவை எத்தனை, ஒவ்வொரு காலியிடமும் எந்தத் தேதியிலிருந்து காலி, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்துக்கு அந்த எண்ணிக்கை எப்போது அனுப்பப்பட்டது? இதற்கு ‘ஆவன செய்யப்படும்’ என்று எழுத முடியாது.

ஆம்புலன்ஸ் பற்றியும் இப்படித்தான். 108 வண்டி வந்துசேர ஆகும் சராசரி நேரத்தைக் கேட்டால் நகரத்து வேகம் மலைக்கிராமத்துத் தாமதத்தை மறைத்துவிடும். அரை மணி நேரத்துக்கு மேல் ஆன அழைப்புகள் எத்தனை, ஊராட்சி ஒன்றியம் வாரியாக, என்று கேட்க வேண்டும்.

சொல் தேர்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2021 ஜூலை 20-ஐச் சொல்ல வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில் ஆக்சிஜனுக்காக மக்கள் தெருத்தெருவாக அலைந்ததை நாடே பார்த்திருந்தது. ஆனால் ஆக்சிஜன் பற்றாக்குறையால் நேர்ந்த இறப்பு என்று மாநிலங்களும் யூனியன் பிரதேசங்களும் குறிப்பாக எதையும் தெரிவிக்கவில்லை என்று ஒன்றிய சுகாதார இணை அமைச்சர் மாநிலங்களவையில் பதிலளித்தார். அந்தப் பதிலில் உள்ளது ‘தெரிவிக்கப்படவில்லை’ என்பது மட்டுமே. ‘யாரும் இறக்கவில்லை’ என்று அது சொல்லவில்லை. இறப்பைப் பதிவுசெய்யும் படிவத்தில் ஆக்சிஜன் தட்டுப்பாட்டைக் குறிக்க இடம் இருந்ததா, மாநிலங்களிடம் அந்த விவரத்தை ஒன்றிய அரசு எந்தத் தேதியில் கேட்டது என்று கேட்டிருந்தால் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும்.

நாய்க்கடிக் கணக்கும் இப்படியே. 2024-இல் நாடெங்கும் 37 லட்சத்துக்கும் மேல் நாய்க்கடிகள், வெறிநாய்க்கடியால் நேர்ந்ததாகச் சந்தேகிக்கப்படும் இறப்புகள் 54 என்று நாடாளுமன்றத்தில் சொல்லப்பட்டது. உலக சுகாதார நிறுவனமோ இந்தியாவில் ஆண்டுக்கு 18,000 முதல் 20,000 பேர் வெறிநாய்க்கடியால் இறப்பதாக மதிப்பிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது மலையளவு இடைவெளி. எத்தனை பேர் இறந்தார்கள் என்பதோடு, யார் எண்ணினார்கள், எந்த மருத்துவமனைகளில் எண்ணினார்கள், வீட்டில் இறந்தவர்கள் கணக்கில் உண்டா என்பதையும் கேள்வியில் சேருங்கள்.

விதிகளையும் மறக்க வேண்டாம். மக்களவையில் ஒரு கேள்வி 150 சொற்களுக்குள் இருக்க வேண்டும். வாதம், ஊகம், பழிச்சொல் இருந்தால் தள்ளுபடியாகும். நீதிமன்ற விசாரணையில் உள்ளதையும், ஏற்கெனவே பதில் கிடைத்ததையும் கேட்க முடியாது. கோபத்தை மனுவில் வைத்துக்கொண்டு கேள்வியில் எண்ணை மட்டும் வையுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் எங்கள் ஊர் தாலுகா மருத்துவமனைக்கு விபத்துச் சிகிச்சைப் பிரிவு ‘பரிசீலனையில் உள்ளது’ என்றார் அமைச்சர். அவ்வளவுதானா?

இல்லை. அவையில் அமைச்சர் சொன்ன சொல்லைத் தேடிப்பிடித்துக் கணக்குக் கேட்பதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. மக்களவையில் அரசு உறுதிமொழிக் குழு 1953-இல் தொடங்கியது. எந்தெந்தச் சொற்றொடர் உறுதிமொழியாகும் என்று அது பட்டியலே வைத்திருக்கிறது. ‘பரிசீலனையில் உள்ளது’, ‘தகவல் திரட்டப்படுகிறது’ போன்றவை அதில் அடக்கம். மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். இல்லையென்றால் துறை காலநீட்டிப்புக் கேட்க வேண்டும்.

தமிழ்நாடு சட்டமன்றத்திலும் உறுதிமொழிக் குழு உண்டு. அது மாவட்டம் மாவட்டமாகச் சென்று நேரில் ஆய்வு செய்கிறது. குழு உங்கள் மாவட்டத்துக்கு வரும் செய்தி நாளிதழில் வந்தால், அமைச்சர் பதில் சொன்ன தேதியையும் அவைக் குறிப்பின் பக்கத்தையும் இணைத்து மனு கொடுங்கள். வெறும் கோரிக்கையை விடத் தேதியோடு நீட்டும் பதிலுக்குக் கனம் அதிகம். எனக்கு வருத்தம் என்னவென்றால், இப்படி ஒரு குழு இருப்பதே ஊர்களில் தெரியவில்லை.

திடீரென்று ஒரு பேரிடர் நடந்தால் 15 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க முடியுமா?

முடியாது. அதற்கு வேறு வழிகள் உண்டு. அவசரப் பொது முக்கியத்துவம் உள்ள ஒன்றில் அமைச்சரை அறிக்கை தரவைப்பது கவன ஈர்ப்பு. மற்ற அலுவலை நிறுத்திவிட்டு விவாதிக்கக் கோருவது ஒத்திவைப்புத் தீர்மானம். கேள்வி நேரம் முடிந்ததும் ‘நேரமில்லா நேரத்தில்’ எழுப்புவது இன்னொன்று. அதில் அமைச்சர் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயமில்லை.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தபோது சட்டமன்றம் கூடியிருந்தது. கேள்வி நேரத்தை ஒத்திவைத்து விவாதிக்க வேண்டும் என்று அ.தி.மு.க. உறுப்பினர்கள் வற்புறுத்தினார்கள். ஜூன் 26 அன்று கூட்டத்தொடரின் மீதி நாட்களுக்கு இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். கேள்வி நேரத்தைக் காப்பது அவசியம்தான். ஆனால் அத்தனை சாவுக்குப் பிறகு பிரதான எதிர்க்கட்சியின் இருக்கைகள் காலியாகக் கிடந்தது மக்களுக்கு இழப்பு. சாராயத்தில் கலந்த மெத்தனால் என்ற நச்சு எங்கிருந்து வந்தது, முந்தைய புகார்கள் யார் மேசையில் கிடந்தன என்று குறுக்குக் கேள்வி கேட்கும் குரல்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

அமளியில் கேள்வி நேரம் போய்விட்டால் பதிலும் போய்விடுமா?

போகாது. மக்களவையில் வாய்மொழிப் பதிலுக்குப் பட்டியலிட்டவை எழுத்துப் பதிலாக அவையில் வைக்கப்படும். துணைக் கேள்விகள் மட்டும் பறிபோகும்; உண்மையில் அதுதான் பெரிய இழப்பு.

அமைச்சர் சொன்ன தகவல் தவறு என்று எங்களிடம் ஆதாரம் இருக்கிறது. என்ன செய்யலாம்?

ஆதாரத்தை உறுப்பினரிடம் கொடுங்கள். மக்களவையில் சபாநாயகரின் 115-ஆவது நெறிமுறைப்படி, தவறைச் சுட்டிக்காட்டி உறுப்பினர் எழுதலாம். அமைச்சர் விளக்கம் தர வேண்டியிருக்கும். உரிமை மீறல் நோட்டீஸ் வேண்டுமென்றே அவையைத் தவறாக வழிநடத்தியதற்கு மட்டுமே நிற்கும். அதை நிரூபிப்பது கடினம். முதல் வழியே போதும்.

கேள்வி கேட்கச் சொல்லி உறுப்பினருக்கு ஏதாவது கொடுக்க வேண்டுமா?

ஒரு ரூபாய்கூடக் கூடாது. கேள்வி கேட்கப் பணம் வாங்கியதற்காக 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி பறிக்கப்பட்டார்கள். தொகுதி அலுவலகத்தில் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். உறுப்பினர் எடுக்கவில்லை என்றால், அதே கேள்வியைத் தகவல் உரிமைச் சட்டத்தில் மாவட்டப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், உயிர் சம்பந்தப்பட்டதென்றால் 48 மணி நேரத்தில்.