இஃப்-க்குள் ஒரு ஃபங்ஷன்: கேள்வி பதில்

பைத்தான் என்ற நிரல்மொழியைப் படிக்கத் தொடங்கியவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. ஃபங்ஷன் என்பது பெயர் வைத்து, வேண்டும்போது அழைக்கும் நிரல் துண்டு; இஃப் என்பது 'இப்படி இருந்தால்' என்ற சோதனை, எல்ஸ் 'இல்லாவிட்டால்'.

கேள்வி: அண்ணா, இரட்டைப்படை எண்ணா என்று பார்க்க இரட்டையா(எண்) என்று ஒரு ஃபங்ஷன் எழுதினேன். "இஃப் இரட்டையா(எண்) == ட்ரூ:" என்று போட்டால், "== ட்ரூ" வேண்டாம் என்கிறான் நண்பன். ஏன்?

பதில்: நண்பர் சொல்வது சரி. இரட்டையா(8) ஓடி முடிந்ததும் அந்த இடத்தில் ட்ரூ, அதாவது 'உண்மை' என்ற மதிப்பு, வந்து உட்கார்ந்துவிடும். இஃப்-க்கு வேண்டியதும் அதுதான். "இஃப் இரட்டையா(எண்):" போதும். ஒற்றைப்படை வேண்டுமென்றால் "இஃப் நாட் இரட்டையா(எண்):". பைத்தானின் நடை வழிகாட்டியான பெப் 8-உம் இப்படித்தான் எழுதச் சொல்கிறது. ஃபங்ஷனுக்குள்ளும் இஃப், எல்ஸ் தேவையில்லை. "ரிட்டர்ன் எண் % 2 == 0" என்ற ஒரே வரியில் முடிந்துவிடும் (ரிட்டர்ன் விடையைத் திருப்பித் தரும், % வகுத்த மீதியைத் தரும்). பெயரைக் கேள்வியாக வைத்திருக்கிறீர்கள், அது ரொம்ப நல்ல பழக்கம். பைத்தான் 3-இல் இப்படித் தமிழ்ப் பெயரே வைக்கலாம்.

கேள்வி: சார், என் ஃபங்ஷன் திரையில் ட்ரூ என்று காட்டுகிறது. ஆனாலும் எல்ஸ் பக்கமே போகிறது.

பதில்: ரிட்டர்ன் போட வேண்டிய இடத்தில் பிரிண்ட் போட்டிருக்கிறீர்கள். பிரிண்ட் உங்கள் கண்ணுக்குக் காட்டுவதோடு சரி; இஃப்-இன் கைக்கு எதுவும் வராது. ரிட்டர்ன் இல்லாத ஃபங்ஷன் 'நன்' என்ற வெற்று மதிப்பைத் தரும். இஃப் அதைப் பொய்யாகவே எடுத்துக்கொள்ளும். பிழைச் செய்தி வராததால்தான் மணிக்கணக்கில் தேட வைக்கிறது. அப்புறம் இன்னொன்று: ரிட்டர்ன் இருந்தும், ஒரு கிளையில் மட்டும் விட்டுப்போனால் அந்த வழியிலும் 'நன்'தான் வரும். ஒவ்வொரு கிளையையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

கேள்வி: எனக்கு நேரெதிர். 7 கொடுத்தாலும் இரட்டை என்கிறது. "இஃப் இரட்டையா:" என்றுதான் எழுதினேன்.

பதில்: அடைப்புக்குறி இல்லை. ஃபங்ஷன் ஓடவே இல்லை. ஃபங்ஷன் என்ற பொருளே பைத்தானுக்கு உண்மைக் கணக்குதான்.

கேள்வி: "இஃப் சொல்.ஃபைண்ட்('க'):" என்று போட்டேன். 'கடல்' என்ற சொல்லில் 'க' இல்லை என்கிறது, 'மரம்' என்றால் இருக்கிறது என்கிறது!

பதில்: ஃபைண்ட் ஆம், இல்லை என்று பதில் சொல்வதில்லை, இடத்தைச் சொல்கிறது. எண்ணுவது 0-இலிருந்து என்பதால் 'கடல்' என்றால் 0, அது பொய். கிடைக்காவிட்டால் -1, சுழியம் அல்லாத எண் எல்லாம் உண்மை. சி மொழியில் இரண்டு சொற்களை ஒப்பிடும் ஸ்டர்கம்ப் என்ற ஃபங்ஷனிலும் இதே பொறி உண்டு: இரண்டு சொல்லும் ஒன்றாக இருந்தால் 0 வரும். உங்களுக்குத் தேவை "இஃப் 'க' இன் சொல்:" (இங்கே 'இன்' என்பது 'உள்ளே இருக்கிறதா' என்று கேட்கும் ஆங்கிலச் சொல்).